துறை மறந்த பிள்ளைகள்

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு காலைப்பொழுது. பினாங்குத் தீவின் தென்கரையில் உள்ள தெலுக் கும்பாரிலிருந்து ஒரு சிறு ஃபைபர் படகில் நாங்கள் மூவர் புறப்பட்டோம். என் வகுப்புத் தோழி, அவளுடைய அப்பா, நான். தோழியின் இறுதியாண்டு ஆய்வுக்கு ஐந்து இடங்களில் கடல்நீர் எடுக்க வேண்டும். அவளுடைய அப்பா மீனவர். எனக்கு இடப்பட்ட வேலை போத்தல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டுமே. அந்த வேலையையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. பாதி நேரம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெர்மாத்தாங் டாமார் லாவுட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பாக் சிக் மேற்கே திரும்பிப் பார்த்தார். அடிவானத்தில் பாய் சுருட்டி வைத்ததுபோல் ஒரு கருமேகம் நீளமாகக் கிடந்தது. "சுமத்ரா" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். சுமத்ரா தீவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வந்து தாக்கும் காற்றுமழைக்கு இங்குள்ள மீனவர்கள் வைத்த பெயர் அது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பக்கத்தில் கரை தெரிகிறது, திரும்பி அங்கேயே போய்விடலாமே என்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் படகை முன்னோக்கியே செலுத்தினார். தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி, பத்து மாவுங்கைக் கடந்து, பினாங்குக்கும் ஜெரஜாக் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாய்க்குள் கொண்டுபோய் நங்கூரத்தைப் போட்டார். போட்டுச் சற்று நேரத்தில் காற்று வந்தது. மழை ஊசி ஊசியாகக் குத்தியது. ஆனால், எங்கள் படகு ஆடியதே தவிர, அலை எங்களைத் தொடவில்லை. தீவின் குன்றுகள் எங்களுக்குச் சுவராக நின்றன. திறந்து கிடக்கும் தெலுக் கும்பாருக்குத் திரும்பியிருந்தால், படகைக் கரையில் தூக்கி அடித்திருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற கரையெல்லாம் பாதுகாப்பான கரை அல்ல!

மழை ஓயும்வரை பிளாஸ்க்கில் இருந்த தேநீரைக் குடித்தோம். அப்போது அவர் மலாயில் என்னைக் கேட்டார்: "முன்பெல்லாம் துறைமுகத்தில் தொங்காங் ஓட்டியவர்களில் நிறைய பேர் உங்கள் ஆட்கள்தானே? உனக்கு நங்கூரம் போடத் தெரியாதா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தாத்தாவின் மூன்று கேள்விகள்

அன்று மாலை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா திட்டினார். "பொம்பளப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?" என்பது முதல் கேள்வி. அதில் வியப்பில்லை. ஆனால், மூலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் தாத்தா, ஒலியைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, காத்து எங்கேருந்து அடிச்சுச்சு? அடி சேறா, மணலா? எத்தன பாகம் கயிறு விட்டாரு?"

மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. 'பாகம்' என்றால் என்ன என்பதே தெரியவில்லை. இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம், கடலில் ஆழத்தையும் கயிற்றையும் அளக்கும் அளவு அது என்று அவர் கைகளை விரித்துக் காட்டினார். எட்டு வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்தவர் அவர். பதினெட்டு வயதிலிருந்து, நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வந்த தொங்காங்கில் வேலை செய்தவர். கொள்கலன்கள் வந்து அந்த வேலை அழிந்தபோது காவலாளியானவர். அவர் துறைமுகத்தில் வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். என்ன வேலை செய்தார் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கேட்டதே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவள் நான். கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையார் வரியை மேடையேறி மனப்பாடமாக ஒப்புவித்துப் பரிசும் வாங்கியிருக்கிறேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் கடல் வணிகத்தை வரலாற்றுப் பாடத்தில் படித்து எஸ்.பி.எம். தேர்வில் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகோ, இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைக் கேட்காத விழாவே இல்லை! பட்டிமன்றத்தில் கப்பல், கவியரங்கத்தில் கப்பல், நாடகத்தில் அட்டையால் செய்த கப்பல். ஆனால், மெய்யான படகில் உட்கார்ந்திருந்தபோது, எந்தக் கரை காப்பாற்றும் எந்தக் கரை கவிழ்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இது என் ஒருத்தியின் குறைதானா? இதை வாசிக்கும் தோழர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

ஒதுக்கிடத்துக்காகப் பிறந்த ஊர்

பினாங்கு எதற்காக உருவானது? மிளகுக்கு, வணிகத்துக்கு, ஆங்கிலேயரின் ஆதிக்கத்துக்கு என்று பாடநூல் பதில் தரும். எல்லாம் சரிதான். ஆனால், அடிப்படைக் காரணங்களில் ஒன்று மிக எளியது. கப்பலை நிறுத்த ஒரு நல்ல ஒதுக்கிடம் தேவைப்பட்டது.

18ஆம் நூற்றாண்டில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் கப்பல் நிற்கும். அலைகள் மோதி உடையும் கரைக்கு மசூலா படகுகளில் சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கியவர்கள் அந்தக் கரையின் படகோட்டிகள். அக்டோபரில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் தொடங்கினால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்களுக்குப் புகலிடம் இல்லை. அவை பம்பாய் போன்ற இடங்களுக்கு ஓட வேண்டும். வங்கக்கடலின் கிழக்குப் பக்கத்தில் கப்பலைப் பாதுகாப்பாக நிறுத்திப் பழுது பார்க்க ஓர் இடத்தை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தேடியது இதனால்தான். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார்.

வரைபடத்தைப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்றைத் தீவின் மலைகள் தடுக்கின்றன. கிழக்கில் சில கிலோமீட்டர் தொலைவிலேயே பெருநிலம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நீர்தான் துறைமுகம். நமது கரையில் இல்லாத ஒன்று இந்தக் கரையில் இருந்தது. அதைத் தேடி வந்த கப்பல்களோடு நம் மக்களும் வந்தார்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் நாம் பெருமையோடு சொல்லும் கடாரமும் இப்படித்தான். பினாங்குக்கு வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றின் முகத்துவாரம். தூரத்தில் அடையாளத்துக்கு ஒரு மலை, பக்கத்தில் ஒதுங்க ஓர் ஆறு. வணிகர்கள் பருவக்காற்று திரும்பும்வரை காத்திருக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று நாம் பார்க்கும் இடிபாடுகள் அப்படிக் காத்திருந்த மனிதர்களின் காலத்தவை. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை வந்தது. ஆனால், அதற்கு முன்பும் பின்பும் பல நூற்றாண்டுகள் வந்து போனவர்கள் பெயர் தெரியாத மாலுமிகள். நம் மேடைகளில் மன்னனுக்கு மட்டுமே இடம் உண்டு, மாலுமிக்கு இல்லை.

ஒரு தெருப் பெயரும் சில ஜெட்டிகளும்

ஜார்ஜ்டவுனில் கிங் தெருவுக்குத் தமிழர்கள் அந்தக் காலத்தில் வைத்திருந்த பெயர் 'படகுக்காரத் தெரு'. அந்தத் தெரு சூலியா தெருவைச் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் காவலராகப் போற்றப்படுபவர். மதம் பாராமல் கடலுக்குப் போகிறவர்கள் நேர்ந்துகொள்ளும் பெயர் அது. படகுக்காரர் தெருவின் முனையில் அந்தத் தர்கா அமைந்தது எவ்வளவு பொருத்தம்! 2008இல் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமை நகராக அறிவித்தது. அந்தத் தெருவழியே நாம் எத்தனை முறை நாசி கண்டாருக்குப் போயிருக்கிறோம்! அங்கே படகுக்காரர்கள் இருந்தார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வெல்ட் குவேயில் சீனர்களின் குல ஜெட்டிகள் உள்ளன. சியூ ஜெட்டி, லிம் ஜெட்டி, தான் ஜெட்டி என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒன்று. அவர்களும் நம் தாத்தாக்களைப் போலவே துறைமுகத்தில் படகோட்டியவர்கள், மூட்டை தூக்கியவர்கள். தொழில் போன பிறகும் அவர்களுடைய பிள்ளைகளில் பலர் அந்த மரத்தூண் வீடுகளை விட்டுப் போகவில்லை. இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். நமக்கு மிஞ்சியதோ ஒரு தெருப் பெயர். அதுவும் பெயர்ப்பலகையில் இல்லாத பெயர்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் கடலின் மேலேயே வீடு கட்டினார்கள். நம்மவர்கள் கரையில் தங்கினார்கள், தொழில் முடிந்ததும் பிரிந்து போனார்கள். வீடு இருந்தால் நினைவு தங்குகிறது. வீடு இல்லாதவனுக்குச் சொல்தான் வீடு. அந்தச் சொல்லையாவது நாம் காப்பாற்றினோமா?

நங்கூரம் ஒரு கல்வி

"காற்று, அடி, கயிறு" என்ற தாத்தாவின் மூன்று கேள்விகளும் கடற்கரையோரம் படகில் போகிறவர்கள் உலகெங்கும் கேட்கும் கேள்விகள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவற்றை என் சக மாணவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதல் கேள்வி காற்று. எந்த இடமும் எப்போதும் ஒதுக்கிடமாக இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, பினாங்கின் மேற்குக் கரையில் பந்தாய் கெராச்சுட், தெலுக் கம்பி போன்ற அழகான வளைவுகளில் அலை நேராக வந்து மோதும். அதே காலத்தில், வடமேற்கு மூலையில் முக்கா ஹெட் முனையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிட்டால் தெலுக் டுயோங் அமைதியாக இருக்கும். 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் அந்த முனையின் குன்றின்மேல் நிற்கிறது. காற்று வடக்கே மாறினாலோ கதை தலைகீழாகும். வடகரையிலுள்ள பத்து ஃபிரிங்கியும் தெலுக் டுயோங்கும் திறந்த வாசலாகிவிடும். மேற்குக் காற்றைத் தாத்தா 'கச்சான்' என்பார், வடக்குக் காற்றை 'வாடை' என்பார். "கச்சானுக்கு ஒதுங்குற எடம் வாடைக்கு ஒதுங்காது" என்பது அவருடைய பாடம்.

இரண்டாவது அடித்தரை. சேற்றில் நங்கூரம் ஆழப் பதியும். பாறையில் சிக்கினால் எடுக்க முடியாது, மெல்லிய மணல் மூடிய பாறையில் பிடிக்கவே பிடிக்காது. ஜெரஜாக் கால்வாயின் அடி சேறு. துர்நாற்றம் வீசும் அந்தச் சேறுதான் அன்று எங்களைப் பிடித்து நிறுத்தியது. மேற்குக் கரையின் தென்பாதியில் பாலேக் பூலாவ் பக்கமும் சேறுதான். ஆனால், அங்கே நீர் ஆழமில்லை. கடல் வற்றும்போது படகு தரைதட்டி, அடுத்த பெருக்கு வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

மூன்றாவது கயிறு. இது கணக்கு. நங்கூரம் வெறும் எடையால் பிடிப்பதில்லை. கயிறு சாய்வாகப் போய்த் தரையோடு இழுத்தால்தான் அதன் கொழு மண்ணில் இறங்கும். ஆகவே, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் கடல், பினாங்கில் பெரும் ஓதத்தின்போது இரண்டு மீட்டருக்கு மேல் ஏறும். வற்றின நேரத்தில் மூன்று மீட்டர் ஆழத்தைப் பார்த்து, ஐந்து மடங்கு என்று பதினைந்து மீட்டர் கயிறு விட்டவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். நள்ளிரவில் ஆழம் ஐந்து மீட்டராகும். அவனுடைய ஐந்து மடங்கு மூன்று மடங்காகிவிடும். நங்கூரம் பெயர்ந்து படகு நகரத் தொடங்கும். ஏறப்போகும் கடலுக்கும் சேர்த்து இருபத்தைந்து மீட்டர், அதாவது பதினான்கு பாகம் விட்டவனே விடியலில் அதே இடத்தில் இருப்பான். கயிறு நீண்டால் படகு சுற்றும் வட்டமும் பெரிதாகும் என்பதால் பக்கத்துப் படகுக்காரனையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றைப் படிப்பது, அடித்தரையை அறிவது, வரப்போகும் வெள்ளத்தையும் சேர்த்துக் கயிறு விடுவது, பக்கத்தில் நிற்பவனை இடிக்காமல் இருப்பது. இதையெல்லாம் நாம் தன்முனைப்புப் பயிலரங்கில் கட்டணம் கட்டிக் கேட்கிறோம். என் தாத்தா ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்கு இது தெரிந்திருந்தது.

மறுப்புகள் சில

"கடல் பணக்காரர் விளையாட்டு" என்று சிலர் சொல்வார்கள். தஞ்சோங் தொக்கோங் பக்கம் உள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் குவே மரினாவில் நிற்கும் உல்லாசப் படகுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால், அங்கே நிற்கும் இரட்டை உடல் படகுகளைக் காட்டி அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். 'கட்டமரான்' என்பார்கள். நம் கட்டுமரம்! நம்முடைய சொல் பல லட்சம் ரிங்கிட் விலையுள்ள படகின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாம் வெளியே நின்று படம் எடுக்கிறோம். மேலும், கடலுக்குப் போக உல்லாசப் படகு தேவையில்லை. தெலுக் பஹாங்கில் மீனவர் படகு இருக்கிறது. நாளும் பெருநிலத்துக்கு ஓடும் பெரி இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய நான்கு புதிய பெரிகளுக்கும் தெலுக் பஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்று குடாக்களின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள். தெலுக் என்றால் குடா, படகு ஒதுங்கும் வளைவு. தினமும் அதில் ஏறி இறங்கும் நாம் அந்தப் பெயர்களை ஒருமுறையாவது யோசித்ததுண்டா?

"கடல் ஆபத்து" என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பட்டர்வொர்த் பெரி முனையம் இடிந்து 32 பேர் மாண்டதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தார்கள். வடகரையும் மேற்குக் கரையும் அடிபட்டன. நான் அப்போது பிறந்துகூட இருக்கவில்லை, அல்லது கைக்குழந்தையாக இருந்திருப்பேன் என்று நீங்கள் கணக்குப் போடலாம். ஆனாலும், அந்தப் பயத்தோடுதான் நான் வளர்ந்தேன். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், தீவில் வாழ்கிறவர்களுக்கு அறியாமை பாதுகாப்பு ஆகுமா? நீச்சல் தெரியாத பிள்ளையைக் கடற்கரைக்கு அனுப்பாமல் இருப்பது ஒரு வழி. நீச்சல் கற்றுத் தருவது இன்னொரு வழி. அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று காத்திருந்தால் எந்தக் காலத்திலும் கடலாட முடியாது.

மூன்றாவது மறுப்பு என்னைப் பேச முடியாமல் செய்தது. அதைச் சொன்னவர் என் தாத்தாவேதான். "இதையெல்லாம் அப்பாவுக்கு ஏன் தாத்தா சொல்லித் தரல?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லித் தரணும்? வெயில்ல காஞ்சு, முதுகு ஒடஞ்சு, நான் பட்டது போதாதா? உங்கப்பன் கரையில நிக்கணும்னுதாம்மா நான் கடல்ல நின்னேன்."

நமது சமுதாயம் கடலை மறந்தது சோம்பலால் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளைக் கரைசேர்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் நம் பெரியவர்கள் கடலை மறைத்தார்கள். தோட்டத்துப் பாட்டாளி தன் பிள்ளைக்குப் பால்வாளியைத் தொடக் கற்றுத்தராததும் இதே காரணத்தால்தான். அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதனால்தான் நான் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். ஆனால், தொழிலை விடுவது வேறு, அறிவை விடுவது வேறு. மூட்டை சுமக்கும் முதுகு நமக்கு வேண்டாம். காற்றைப் படிக்கும் கண் ஏன் வேண்டாம்? கஷ்டத்தோடு சேர்த்து அறிவையும் கடலில் போட்டுவிட்டு, இப்போது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னனின் கப்பலைக் கடன் வாங்கிப் பெருமைப்படுகிறோம். அறுபது ஆண்டுக்கு முந்தைய தாத்தாவின் தொங்காங்கைச் சொல்ல வெட்கப்படுகிறோம். இதுதான் எனக்கு வருத்தம்.

கரையும் மாறுகிறது

இதில் அவசரமும் உண்டு. பினாங்கின் கரையே மாறிக்கொண்டிருக்கிறது. வடகிழக்கில் தஞ்சோங் தொக்கோங் முன்னே கடலைத் தூர்த்து நிலம் எழுப்பியிருக்கிறார்கள். தெற்கில் 2023இல் சிலிக்கான் தீவுக்கான தூர்ப்பு வேலை தொடங்கியது. தென்கரை மீனவர்கள் அதற்குப் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்து வந்தார்கள். வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய விவாதம், அதை இங்கே முடிக்க முடியாது. ஆனால், கரை மாறினால் நீரோட்டமும் சேறும் ஒதுக்கிடமும் மாறும் என்பதை அறிந்தவர்கள்தான் அந்த விவாதத்தில் பேச முடியும். மீனவர்கள் பேசினார்கள். அந்தக் கடலின் வழியாக வந்து, அந்தக் கடலில் உழைத்த ஒரு சமுதாயத்தின் படித்த பிள்ளைகளான நாம் என்ன பேசினோம்? நமக்கு அது அயலார் வீட்டுச் சண்டையாகத் தோன்றியது.

அன்று எங்களைக் காப்பாற்றிய ஜெரஜாக் தீவு என்ன தீவு தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கியவர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த தீவு அது. தொழுநோயாளிகளுக்கான இல்லமும் அங்கே இருந்தது. பிற்காலத்தில் சிறைச்சாலையாக இருந்து 1993இல் மூடப்பட்டது. கூலிகளாக வந்த நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் இந்த மண்ணில் முதலில் கால்வைத்த இடம் அதுதான். அதன் நிழலில் ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றேன். அது எதுவென்று தெரியாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. எனவே, மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கேட்போம். ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் துறைமுகத்தில் உழைத்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நம் எல்லோர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. அவர்களிடமிருந்து படகுச் சொற்களையும் காற்றின் பெயர்களையும் தொகுத்தால், அடுத்த ஆண்டு மலரில் நான்கு பக்கச் சொற்பட்டியல் போடலாம். இன்னும் பத்தாண்டு கழித்து நினைத்தால் அது கிடைக்காது.

இரண்டாவது, போவோம். ஆண்டுக்கொரு விருந்து நிகழ்ச்சிக்குச் செலவழிக்கும் நாம், ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்ற படகில், பாதுகாப்புச் சட்டையோடு தீவைச் சுற்றி வரலாம். முதலாமாண்டு மாணவர்களை மண்டபத்தில் அமர்த்திக் கடாரம் பற்றிச் சொற்பொழிவாற்றுவதைவிட, கடலில் நின்று ஜெராய் மலையைக் காட்டினால் வரலாறு ஒரு நொடியில் புரியும். அதற்கு முன் எல்லோரும் நீச்சல் கற்றுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, இதைத் தொழிலாகவும் நினைப்போம். துறைமுக வழிகாட்டி மாலுமி, கடல்துறை அதிகாரி, கடல் அமலாக்க அதிகாரி, கடலியல் ஆய்வாளர் என்று முதுகொடியாத வேலைகளும் கடலில் உண்டு. மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்று கரைகளையே சுற்றி வரும் நம் பெற்றோர்களிடம் நான்காவது ஒரு கரையும் இருக்கிறது என்று சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு.

தமிழில் 'துறை' என்ற சொல் அழகானது. படகு வந்து நிற்கும் இடமும் துறை. நாம் பட்டம் பெறும் இடமும் துறை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தவர்கள், அறிவு என்பது இறங்கிப் பழக வேண்டிய ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும். நாம் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு துறையை மறந்துவிட்டோம்.

போன மாதம் மறுபடியும் தோழியின் அப்பாவோடு ஜெரஜாக் கால்வாய் வரை போனேன். இம்முறை தாத்தாவையும் அழைத்துப் போக நினைத்தேன், ஆனால் முழங்கால் வலியால் அவரால் வர முடியவில்லை. நங்கூரத்தை நானே போட்டேன். பாக் சிக் சரிபார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கயிறு விடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தாத்தா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"கச்சான் காத்து தாத்தா. அடி சேறு. பதினாலு பாகம்" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "ஓதம் ஏறுற நேரமா, எறங்குற நேரமா?" என்று கேட்டார்.

அதைப் பார்க்க மறந்துவிட்டேன். கற்றுக்கொள்ள இன்னும் இருக்கிறது, கற்றுத்தர ஆளும் இன்னும் இருக்கிறார். தோழர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் ஒருவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கலாம். இன்றே போய்க் கேளுங்கள்.